திருகோணமலையில் மலிவாக நினைவகம் வாங்குதல்

கணினி நினைவகத்தின் விலை இறங்கிவந்த வேளையொன்றில், பழைய மடிக்கணினியின் 4 ஜிபியை 8 ஆக உயர்த்துவதற்காகத் திருகோணமலை மத்திய வீதியை அண்டிய சிறு கடையொன்றை நாடினேன். பெயர்ப்பலகையைவிட அங்கிருந்த பழுதுபார்க்கும் மேசையே நம்பிக்கை தந்தது. விலையைச் சொல்லுமுன் ஊழியர் கணினியைத் திறந்து, அது ஏற்கும் நினைவகம் டிடிஆர்3 வகையா, டிடிஆர்3எல் வகையா என்று பார்த்தார். முன்னையது 1.5 வோல்ற்றிலும் பின்னையது 1.35 வோல்ற்றிலும் இயங்குவதால், குறைந்த மின்னழுத்தத்துக்கென்றே அமைந்த கணினியில் பழைய வகையைச் செருகினால் அது தொடங்காமலே போகக்கூடும். அடுத்த தலைமுறையான டிடிஆர்4 வகையின் மடிக்கணினித் துண்டிலோ, டிடிஆர்3 துண்டிலுள்ள 204 முனைகளுக்குப் பதிலாக 260 முனைகள் இருப்பதால், அதைச் செருகவே முடியாது. இந்த வேறுபாட்டைக் கேளாமலே பொருளை நீட்டும் கடைகள்தாம் அதிகம்.

விலை இறங்கும் காலத்தில் பழைய இருப்பைப் பழைய விலைக்கே விற்கப் பார்ப்பது வணிக இயல்பு. இங்கும் முதலில் சொன்ன விலை கொழும்பு பம்பலப்பிட்டிக் கடைகளின் விலையைவிட அதிகமாகவே இருந்தது, சுட்டிக்காட்டியதும் குறைத்தார்கள். பழுதானால் கொழும்புக்குத் திருப்பியனுப்பும் அலைச்சலைக் கருதினால், எஞ்சிய வேறுபாடு பெரிதன்று.

புதியவற்றையும் பாவித்தவற்றையும் ஒரே பெட்டியில் கலந்து வைத்திருப்பது பெருங்குறை. ஆகவே, புதியது என்பதையும் உத்தரவாதக் காலத்தையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேட்பது அவசியம். நினைவகத்தின் பிழைகளைக் கண்டறியும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளின் சோதனையைக் கடையிலேயே நடத்த அனுமதிக்கிறார்கள்; ஒரு சுற்று முடியவே நேரமெடுக்கும் என்பதால், கூட்டமற்ற முற்பகலில் செல்வது நல்லது.