ஜப்பானியம் படித்தாச்சு: ஆலை வேலையா, வீட்டிலிருந்தே வேலையா?

கோத்தகிரியில் யாரைப் பார்த்தாலும் ‘ஜப்பான் பாஷை படிச்சு என்னம்மா வேலை?’ என்றுதான் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து மூன்று வழி: ஆராய்ச்சி, வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு, ஆலையில் துபாஷி வேலை. கடைசி இரண்டும் நான் பார்த்தவை, இப்போது சென்னையை அடுத்த ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாக ஆலையில் துபாஷியாக இருக்கிறேன்.

ஆராய்ச்சி என்றால் நெட் என்கிற விரிவுரையாளர் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம், அப்புறம் காலியிடத்துக்குக் காத்திருப்பு. டெல்லி ஜேஎன்யு, வங்காளத்துச் சாந்திநிகேதன் என்று சில இடங்களில்தான் துறையே உண்டு. நான் அந்தப் பக்கம் போகவில்லை, போனவர்களைக் கேளுங்கள்.

வீட்டிலிருந்தே எழுத்து மொழிபெயர்ப்பு ஒன்றரை வருஷம் செய்தேன். வாடகை இல்லை, ஜன்னலைத் திறந்தால் தேயிலை. ஜப்பானில் காலை ஒன்பது என்றால் இங்கே ஐந்தரை, கம்பளியோடு உட்கார்ந்தால் மழைக்காலத்தில் கரண்ட் இருக்காது. அதுகூடப் பரவாயில்லை. முதல் வரைவை இயந்திரமே போட்டுவிடுவதால் நமக்கு வருவது திருத்தல் வேலை, அதற்குக் கூலியும் குறைவு.

ஆனால் நான் இறங்கி வந்ததற்குக் காரணம் வேறு: பாஷை துருப்பிடித்தது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடி சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, அதில் மேலிருந்து இரண்டாவது நிலையான என்2 ஒருமுறை வாங்கினால் வாங்கியதுதான். வாய் அப்படியில்லை. பேச ஆளில்லாமல், ஒரு நாள் வீடியோ அழைப்பில் வாடிக்கையாளரிடம் மரியாதைப் பேச்சான கெய்கோ வராமல் தோழியிடம் பேசுவது மாதிரிப் பேசிவிட்டேன், அதோடு அவர் வேலை தருவது நின்றது. கையும் மறந்தது. ஜப்பான் அரசின் அன்றாடப் பட்டியலில் மட்டும் 2,136 காஞ்சி எழுத்துகள், அதாவது சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்துகள் (பாட்டிக்கு இன்னும் அது குடிக்கிற கஞ்சிதான்). தட்டச்சில் அடையாளம் தெரிந்தால் போதும், ஆலையில் வெள்ளைப் பலகையில் எல்லார் முன்னாலும் எழுதியாக வேண்டும்.

சத்தம், ஷிப்டு, இரண்டு பக்கத்துத் திட்டு எல்லாம் உண்டுதான். ஆனால் பாஷையைக் காப்பாற்ற நான் தனியாக எதுவும் செய்வதில்லை, சம்பளம் கொடுத்துப் பேச வைக்கிறார்கள். கூட்டத்தில் ஜப்பானியப் பொறியாளர் ‘கென்தோ ஷிமாஸ்’ என்றால் அகராதிப்படி ‘பரிசீலிக்கிறோம்’. நம் ஆட்கள் உடனே சந்தோஷப்படுவார்கள். நான் ‘பார்க்கலாம்கிறார்’ என்று சொல்வேன். கல்யாணத்துக்குக் கடன் கேட்டால் மாமா சொல்வாரே, அந்தப் பார்க்கலாம். புரிந்துகொள்வார்கள்.

மாதம் ஒருமுறைதான் வீடு. ஞாயிறு மாலை மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்கும்போது மனசு அடித்துக்கொள்ளும். ஊர் போய்த் திரும்பினால் ஆபீசுக்குத் தின்பண்டம் கொண்டுபோவது ஜப்பானிய வழக்கம், ஒமியாகே என்பார்கள். என்னுடையது எப்போதும் எங்கள் ஊர் மொறுமொறு வர்க்கி. திங்கள் காலை அதை டீயில் நனைக்கலாமா கூடாதா என்று ஜப்பானிய மேலாளரோடு கால் மணி நேரம் ஜப்பானியத்தில் வாதம் நடக்கும்.