பழைய கணினியில் பேச்சு: இஸ்பீக் என்ஜியா, நியூரல் குரலா?
எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளான இஸ்பீக் என்ஜி சில எம்பிதான். ஒலியை ஃபார்மன்ட் முறையில், அதாவது குரலின் ஒத்ததிர்வுகளைக் கணக்கிட்டே உருவாக்குவதால் பழைய செயலியும் திணறாது. நின்றுபோனால் தரவுக் கோப்புறையை முதலில் பாருங்கள். காணாமல் போயிருக்கலாம், வேறு பதிப்பாக இருக்கலாம். மீண்டும் நிறுவினால் சரி. குரல் இயந்திரத்தனம்தான், அதை மறைப்பதற்கில்லை.

நியூரல் குரல், அதாவது மனிதப் பேச்சில் பயிற்றுவித்த செயற்கை நரம்பு வலையமைப்பு மாதிரி தரும் குரல், காதுக்கு இதம், ஆனால் தலைவலி அதிகம். தொடங்கியதுமே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று விழுந்தால், அதன் நிரல் நூலகம் ஏவிஎக்ஸ் கட்டளைகளை (பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் செயலிக் கட்டளைகள்) தேடுகிறது என்று சந்தேகப்படலாம். அவை 2011-இல்தான் செயலிகளில் வந்தன. லினக்ஸில் செயலியின் விவரம் காட்டும் எல்எஸ்சிபியு (lscpu) கட்டளை தரும் பட்டியலில் ஏவிஎக்ஸ் இல்லையா? மறுநிறுவல் வீண். அந்த நூலகத்தை மூலநிரலிலிருந்து ஏவிஎக்ஸ் இல்லாமல் தொகுக்க (கம்பைல் செய்ய) வேண்டும். பொறுமை இருந்தால் செய்யலாம். கொஞ்சம் ஓடிவிட்டு 'கில்ட்' என்று நின்றால் வேறு கதை: பெரும்பாலும் நினைவகம் போதவில்லை. அப்புறம் சிறிய குரல் மாதிரிதான் வழி.

ஏவிஎக்ஸ் இல்லாத கணினியில் நான் இஸ்பீக்கையே போடுவேன்.