ஜவ்வு விலகலுக்குக் கத்தியா, பயிற்சியா?

20 லிட்டர் தண்ணீர்க் கேனைக் குனிந்து தூக்கிய ஒரு காலையில் என் குறுக்கு பிடித்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் அந்த வலி பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வழியாகப் பாதத்தின் வெளி ஓரம் வரை இறங்கியது. முள்ளெலும்புகளுக்கு இடையே ஜவ்வு எனப்படும் தட்டுகளில் கடைசியானது பிதுங்கி, வலப்பக்க நரம்பு வேரை அழுத்துகிறது என்று எம்.ஆர்.ஐ. காட்டியது. மைக்ரோடிஸ்கெக்டமி எனப்படும் நுண் அறுவை சிகிச்சையால் பிதுங்கிய துண்டை அகற்றிவிடலாம், அல்லது வலி மாத்திரையும் பிசியோதெரபியுமாக ஆறு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் இரண்டு வழிகளைச் சொன்னார். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசலை நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். என் சித்தப்பா மகன் இதே தட்டுக்கு அறுவை செய்துகொண்டவர். அந்தப் பக்கத்தைப் பற்றி நான் எழுதுவது அவரைப் பார்த்தும், படித்தும் தெரிந்துகொண்டதே.

ஜவ்வு 'விலகிவிட்டது' என்று நாம் சொன்னாலும், தட்டு முழுதாக இடம் மாறுவதில்லை. கழுத்தில் 7, மார்பின் பின்புறம் 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள் தனித்தனியே அசைகின்றன. அவற்றின் கீழே, எலும்புகள் ஒன்றாக இணைந்த முக்கோண வடிவத் திரிகமும் வால் எலும்பும் இருக்கின்றன. கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கு நடுவே தவிர, அசையும் எலும்புகளுக்கு இடையிலும், கடைசி இடுப்பு எலும்புக்கும் திரிகத்துக்கும் இடையிலுமாக 23 தட்டுகள் உள்ளன. ஒவ்வொரு தட்டும் வெளியே உறுதியான நார் வளையங்களாலும் உள்ளே நீர் நிறைந்த கூழாலும் ஆனது. நார் வளையம் கிழிந்து கூழ் வெளித்தள்ளுவதே நம் 'விலகல்'. உடலின் பாரம் அதிகம் இறங்கும் கடைசி இரண்டு தட்டுகளில்தான் இடுப்புப் பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை நேர்கின்றன. தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு எலும்பின் அருகிலேயே முடிந்துவிடுவதால், அங்கே அழுத்தப்படுவது குதிரைவால்போல் இறங்கும் நரம்பு வேர்கள்தான். நோவு இடுப்பில் இருக்க வலி காலில் தெரிவதற்குக் காரணம் இதுவே.

முதுகுவலி எல்லாமே தட்டினால் வருவதன்று. பெரும்பாலான வலிகளுக்குத் திட்டவட்டமான ஒரே காரணத்தைக் காட்ட முடிவதில்லை. 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, வலியே இல்லாத இருபது வயதினரிலும் சுமார் 30 விழுக்காட்டினரின் படங்களில் தட்டுப் புடைப்பு தெரிகிறது. படத்தை மட்டும் பார்த்துக் கத்தியை நாடுவோர் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அறுவையின் செலவு, விடுப்பு, மயக்க மருந்தின் அச்சம் ஆகியவற்றை எல்லோரும் அறிவர். வேகத்தில் அறுவை சிகிச்சைக்கே வெற்றி. நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், விரைவாக அறுவை செய்துகொண்டவர்களின் கால்வலி முன்னதாகவே தணிந்தது. ஓராண்டு முடிவிலோ இரு குழுவிலும் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் குணமடைந்ததாகக் கூறினர். பொறுத்திருந்த குழுவில் 39 விழுக்காட்டினர் இடையில் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. என் சித்தப்பா மகன் மறுநாளே கால்வலியின்றி நடந்தபோது, உட்காரவும் படுக்கவும் முடியாமல் சுவரைப் பிடித்து நின்றிருந்த எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

என் தராசைச் சாய்த்தது, வலி தணிந்த பிறகு வரும் பராமரிப்பு. வளர்ந்தவரின் தட்டின் உட்பகுதியில் இரத்தக் குழாய்கள் இல்லை. மேலும் கீழுமுள்ள எலும்பின் விளிம்புத் தகடுகள் வழியே கசிந்து வருவதுதான் அதன் உணவு. பகலெல்லாம் பாரத்தில் நீரை இழந்து, இரவில் படுத்திருக்கையில் அதை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பது இதனால்தான். இப்படிப்பட்ட திசு எளிதில் ஆறாது. அறுவை மருத்துவர் நரம்பை அழுத்தும் துண்டை எடுக்கிறார். கிழிந்த வளையமும் வலுவிழந்த தசையும் குனிந்து தூக்கும் பழக்கமும் அப்படியே இருக்கின்றன. நூற்றில் ஐந்து முதல் பதினைந்து பேருக்கு அதே தட்டு மீண்டும் பிதுங்குவதாகக் கணக்குகள் சொல்கின்றன. ஆக, எந்த வழியில் போனாலும் பயிற்சியிலிருந்து விடுதலை கிடையாது. வலி போன மகிழ்ச்சியில் மூன்றே மாதத்தில் பயிற்சியைக் கைவிட்ட என் சித்தப்பா மகன், ஒன்றரை ஆண்டு கழித்துக் குறுக்குவலியுடன் அதே பிசியோதெரபி அறைக்குத்தான் வந்து சேர்ந்தார். அவருக்கு மருந்தாகத் தெரிந்த பயிற்சி, வேறு போக்கிடம் இல்லாததால் எனக்கு முன்பே பல் துலக்குவதுபோல் ஆகிவிட்டிருந்தது.

பொறுத்திருப்பவர்களுக்கு உடலும் துணை நிற்கிறது. வெளியே வந்த கூழை நோயெதிர்ப்பு அணுக்கள் அன்னியப் பொருளாகக் கருதிக் கரைக்கின்றன. சிறு புடைப்பைவிட, முற்றிலும் உடைந்து வெளியேறிய துண்டே பெரும்பாலும் நன்றாகக் கரைகிறது. படத்தில் அச்சமூட்டுவது தானே மறையக்கூடும் என்பதை நம்ப எனக்கு நாளாயிற்று.

என் பராமரிப்பில் பக்கவாட்டில் முழங்கையூன்றி உடலைத் தாங்குவது, தவழும் நிலையில் எதிரெதிர்க் கைகாலை நீட்டுவது, எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியாதிருப்பது, அரை மணி நடை ஆகியவை அடங்கும். நடைக்கு வலுவான சான்று உண்டு. முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், வழிகாட்டுதலோடு நடந்தவர்களுக்கு வலி திரும்ப நடுவளவாக 208 நாட்களும், மற்றவர்களுக்கு 112 நாட்களும் ஆயின.

எனக்கு நுனிக்காலில் நிற்கும் வலு குறையவில்லை. குறைந்திருந்தால் என் முடிவும் மாறியிருக்கும். பாதம் தொங்கிப்போவது, வலுவிழப்பு நாளுக்கு நாள் கூடுவது ஆகியவற்றைக் காலம் கடத்தாமல் காட்ட வேண்டும்; சிறுநீர் மலம் கட்டுப்படாமை, தொடையிடுக்கு மரத்துப்போதல் தோன்றினால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், அங்கே ஒப்பீட்டுக்கே இடமில்லை. நடந்தால் கால் கடுத்து, முன்னே சாய்ந்தால் இதமாகும் முதியோரின் தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கத்துக்கும் என் அனுபவத்தை நீட்டிப் பொருத்த எனக்குத் துணிவில்லை.

ஐந்தாம் வாரத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார முடிந்தது. மூன்றாம் மாதம் இரு சக்கர வண்டியை எடுத்தேன். வலது சுண்டுவிரலைச் சுற்றி மட்டும் லேசான மரத்த உணர்வு இன்றும் இருக்கிறது. அறுவை செய்திருந்தால் அதுவும் போயிருக்குமா என்று மருத்துவரிடம் கேட்டேன்; போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம் என்றார்.