குசினி வேலை: ஒரே மூச்சிலா, இரண்டு கட்டமாகவா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தரை வீடுகளில் குசினியை முழுதாக மாற்ற இரண்டு வழி உண்டு.

ஒரே மூச்சில் உடைத்துச் செய்தால் குழாய், வயரிங், டைல்ஸ், கேபினட் என்று வேலை தடங்கலில்லாமல் நகரும். ஆனால் வாரக்கணக்கில் அடுப்பு இருக்காது. வயதானவர்கள் கடைச் சாப்பாட்டை எத்தனை நாள் தாங்குவார்கள்?

இரண்டு கட்டமென்றால், பின்புறம் ஈரக் குசினியை (பொரிப்பது, தாளிப்பது போன்ற புகையும் எண்ணெயும் வரும் சமையலுக்கான இடம்) முதலில் முடித்து, அடுப்பையும் எரிவாயு தோம்பையும் அங்கே மாற்றிவிட்டு, அப்புறம் உள்ளே கை வைக்கலாம். மீன் பொரித்து, மிளகாய் தாளிக்கும் நம் வீடுகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒன்று முக்கியம்: உள் குசினிக்கான குழாயையும் வயரையும் முதல் கட்டத்திலேயே இழுத்து மூடி வையுங்கள். இல்லையென்றால் புது டைல்ஸை மறுபடி உடைக்க வேண்டிவரும்.

எந்த வழியானாலும் அடுப்பு, சிங்க், ஐஸ்பெட்டி ஒவ்வொன்றுக்கும் இடையே 4 முதல் 9 அடி இருக்கட்டும். நடக்கும் இடம் 42 அங்குலம்; இருவர் சமைத்தால் 48. கேபினட் அளவை டைல்ஸ் ஒட்டிய பிறகே எடுக்கச் சொல்லுங்கள். பின்புறம் இழுத்துக் கட்டுவதற்கு நகராண்மைக் கழக அனுமதி வேண்டும். அக்டோபர், நவம்பரில் மழை கொட்டும், தீபாவளியும் வரும். கூரை வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.