என் டிலே பெடலுக்கு வாங்கிய மாடுலேஷன் போர்டு: 14 வெள்ளிக்குத் தகுமா?

வாத்திய ஒலியைச் சற்றுத் தாமதித்து எதிரொலியாகத் திரும்பத் தரும் கால்மிதிப் பெட்டிதான் டிலே பெடல். சென்ற ஆண்டு நானே பற்றவைத்துச் செய்த பெடலில் எதிரொலி தெளிவாகவே வந்தது. ஆனால் ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதன் அச்சு நகலாக, அசைவே இல்லாமல் விழுவது சில மாதங்களிலேயே சலித்துவிட்டது. பழைய டேப் எக்கோக் கருவிகளில் நாடா ஓடும் வேகம் சற்றே தடுமாறுவதால் எதிரொலியில் ஒரு மெல்லிய அலைவு தானாகவே சேர்ந்துகொள்ளும். எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸின் டீலக்ஸ் மெமரி மேன் போன்ற பெடல்கள் அதைக் குமிழ் வைத்தே தந்தன. மாடுலேஷன் எனப்படும் அந்த அலைவைச் சேர்ப்பதற்கென்றே விற்கப்படும் ஒரு சிறு போர்டை இணையக் கடை ஒன்றில் 14 வெள்ளிக்கு வாங்கினேன். மூன்று வார இறுதிகள் அதனோடு கழிந்த பிறகு இதை எழுதுகிறேன்.

வீட்டில் செய்யப்படும் டிலே பெடல்களில் பெரும்பாலானவற்றைப் போலவே என்னுடையதிலும் இருப்பது தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி தயாரித்த பிடி2399 சிப்தான். கரோக்கே இயந்திரங்களில் பாடுபவரின் குரலுக்கு எக்கோ கொடுக்கப் பிறந்த சிப் அது. நம் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் நடக்கும் எத்தனையோ கல்யாண விருந்துகளில் அதன் எதிரொலியை நாம் கேட்டிருக்கக்கூடும். அதன் ஆறாவது காலிலிருந்து தரைக்குச் செல்லும் மின்தடையே டிலே நேரத்தை, அதாவது எதிரொலி எவ்வளவு தாமதித்து வரும் என்பதை, நிர்ணயிக்கிறது. தடை அரை கிலோ ஓமாக இருந்தால் சுமார் 30 மில்லிசெகண்ட், 27 கிலோ ஓமை ஒட்டி வந்தால் சுமார் 340 மில்லிசெகண்ட். ஆகவே அந்தத் தடையை மெதுவாக ஏற்றி இறக்கினால் டிலே நேரம் மாறி, எதிரொலியின் சுருதியும் கூடவே ஏறி இறங்கும். நான் வாங்கிய போர்டு இதைத்தான் செய்கிறது: ஆப்ஆம்ப் என்னும் பெருக்கிச் சிப் ஒன்று சீராக ஏறி இறங்கும் முக்கோண அலையை உருவாக்க, அது ஒரு எல்இடியை ஒளிரவும் மங்கவும் செய்ய, எதிரே இருக்கும் எல்டிஆர் என்னும் ஒளியுணர் மின்தடை அந்த ஒளிக்கேற்பத் தன் தடையை மாற்றிக்கொள்கிறது. எல்டிஆர் சற்று மந்தமானது என்பதால் அலையின் கூர்முனைகள் மழுங்கிவிடுகின்றன. காதுக்கு அது நன்மையே.

கூறுகளின் தரத்தில் குறை இல்லை, பற்றவைக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எல்இடியையும் எல்டிஆரையும் சேர்த்து மூடுவதற்காகக் கொடுத்திருந்த, சூட்டில் சுருங்கும் குழாய் மட்டும் நீளம் போதவில்லை. பெடலின் மூடியைத் திறந்து வைத்துச் சோதித்தபோது, மேசை விளக்குக்கும் போர்டுக்கும் இடையில் என் கை கடக்கும் ஒவ்வொரு முறையும் எதிரொலியின் சுருதி வழுக்கிச் சரிந்தது. சிறிது நேரம் அதை ஒரு வாத்தியமாகவே வாசித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கறுப்பு டேப்பை இரண்டு சுற்று சுற்றியதும் அந்த வேடிக்கை முடிந்தது.

உண்மையான குறை இணைப்புப் படத்தில் இருக்கிறது. எல்டிஆரை டிலே நேரக் குமிழுக்குப் பக்க இணைப்பாகப் போடச் சொல்கிறார்கள். அப்படிப் போட்டால், குமிழ் 27 கிலோ ஓமில் நிற்கும்போது எல்டிஆர் 270 கிலோ ஓமுக்கு இறங்கினாலே மொத்தத் தடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். குமிழ் 5 கிலோ ஓமில் நின்றாலோ அதே எல்டிஆரால் 2 விழுக்காடு மாற்றம்கூட வராது. அதாவது, குறுகிய டிலேயில் அலைவு இருக்கிறதா என்றே சந்தேகமாகவும், நீண்ட டிலேயில் கடல் கொந்தளிப்பாகவும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நான் ஒரு பஜனைக் குழுவுக்கு வாசிப்பவன். சுருதிப்பெட்டி பின்னால் இடைவிடாமல் ஒலிக்கும்போது எதிரொலி ஒரு ஸ்வரஸ்தானம் அளவுக்கு இடம்பெயர்ந்து திரும்பி வந்தால், மேளக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கிறார்.

நான் செய்த மாற்றம் எளியது. குமிழுக்கும் தரைக்கும் நடுவில் 2.2 கிலோ ஓம் மின்தடை ஒன்றைத் தொடராகச் சேர்த்து, எல்டிஆரை அந்தச் சிறு தடைக்கு மட்டும் பக்க இணைப்பாக மாற்றினேன். இந்தச் சிப்பில் ஒரு கிலோ ஓம் என்பது ஏறத்தாழ 11 மில்லிசெகண்ட் என்பதால், டிலே நேரத்தை எங்கே வைத்தாலும் அசைவு இப்போது சில மில்லிசெகண்டுக்குள் அடங்கி நிற்கிறது. நொடிக்கு ஒரு சுற்று வீதம் இருபுறமும் ஒரு மில்லிசெகண்ட் அசைந்தால் சுருதி மாற்றம் ஸ்வரஸ்தான இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பஜனைக்கு அதுவே போதும். மின்சாரம் கொடுக்கும் கணத்தில் ஆறாவது காலின் தடை மிகவும் குறைந்திருந்தால் இந்தச் சிப் வேலை செய்யாமல் உறைந்து நின்றுவிடுவதும் உண்டு. அந்தத் தொல்லைக்கும் இந்தத் தொடர் தடை ஒரு காவல். ஆனால் மிகக் குறுகிய டிலேயைக் கைவிட வேண்டியிருக்கிறது. இதை வைத்து ஒரு வாத்தியம் பலவாகக் கேட்கும் அசல் கோரஸ் ஒலி எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள்.

அடுத்த குறை ஒரு ‘டிக் டிக்’ சத்தம். அலை திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஆப்ஆம்ப் ஒரு சிறு மின்னோட்டத்தைச் சட்டென்று இழுக்க, அது மின்வழங்கல் வழியாக ஒலிப்பாதையில் ஏறிவிடுகிறது. ஜாலான் புசார் சிம் லிம் டவரில் நான் வழக்கமாகப் போகும் கூறுகள் கடையில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அங்கிள் தலையை நிமிர்த்தாமலே மூன்றாவது இழுப்பறையைத் திறந்து, குறைந்த மின்னோட்டத்தில் இயங்கும் டிஎல்062 ஆப்ஆம்ப் ஒன்றையும், 100 ஓம் மின்தடையையும், 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் எடுத்து வைத்தார். போர்டில் இருந்த டிஎல்072 சிப்பை மாற்றி, அதன் மின்வழங்கலை அந்தத் தடையும் தேக்கியும் வழியாகப் பிரித்துக் கொடுத்ததும் சத்தம் அடங்கிவிட்டது. ஆம்ப்ளிஃபையரை வீவக வீட்டில் வைக்கக்கூடிய அளவுக்கு மேல் உயர்த்தினால் மட்டும் இன்னும் லேசாகக் கேட்கிறது.

சாலிடரிங் இரும்பு பிடித்துப் பழகியவர்களுக்கு, இந்தத் திருத்தங்களோடு, 14 வெள்ளிக்கு நல்ல பொருள் என்றே சொல்வேன். படத்தில் உள்ளபடி இணைத்துவிட்டு உடனே மேடையேற நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். எனக்கு இன்னும் மிச்சமிருப்பது அலைவின் வேகக் குமிழ்: பயன்படக்கூடிய மெதுவான வேகங்கள் எல்லாம் கடைசிக் கால் சுற்றுக்குள் நெருக்கிக்கொண்டிருப்பதால், சுழற்சிக்கேற்பச் சீராக அல்லாமல் மடக்கை முறையில் தடை மாறும் லாக் வகைக் குமிழ் ஒன்றுக்காகச் சனிக்கிழமை மறுபடியும் சிம் லிம் டவர் போக வேண்டும்.