சிறுநகர வீட்டுக்கு 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி: வாங்கலாமா?

மரக்கிளை கம்பியில் உரசினாலே கரண்ட் போகும் அமைதியான ஊரில் ஜெனரேட்டர் வேண்டாம். அந்த இரைச்சலுக்குப் பெருநகரமே தேவலை. 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது சேமிப்புத் திறன்) டியூபுலர் (குழாய் வடிவத் தகடுள்ள) பேட்டரியும், அதன் மின்சாரத்தை வீட்டுக் கரண்ட் போலவே மாற்றித் தரும் சைன்வேவ் இன்வெர்ட்டரும் தாராளம். 12-ஐ 150-ஆல் பெருக்கினால் கணக்குக்கு 1,800 வாட்-மணி. இழப்பு போக சுமார் 1,300 கையில் நிற்கும். 75 வாட் மின்விசிறி மூன்றும் 10 வாட் பல்பு நான்கும் ஓடினால் ஏறக்குறைய 5 மணி நேரம். மோட்டார், ஏசி இதில் மாட்டக் கூடாது.

பேட்டரி சீக்கிரம் சாவது பெரும்பாலும் தண்ணீர் விஷயத்தில்தான். நீர்மட்டம் காட்டும் மிதவை சிவப்புக்கு இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீரிலுள்ள உப்பு தகடுகளை அரித்துவிடும். ஊற்றும் தண்ணீர் மிதவையின் மேல் அளவுக் கோட்டைத் தாண்டினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் வழியும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்தால், இணைப்பைக் கழற்றி வெந்நீரில் துடைத்து, காயவிட்டு, வாசலின் தடவுங்கள். காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், சார்ஜ் ஆகையில் ஹைட்ரஜன் வெளியேறும்.