லினக்ஸில போஸ்ட்கிரஸ் படிக்கத் தொடங்க: வீடியோவா, வெப்சைட்டா, மேனுவலா?

உப்புவெளில இருக்கிற மருமகன் ஏஎல் முடிச்சிட்டு பழைய லாப்டொப்பில உபுண்டு எண்ட லினக்ஸ் போட்டு வச்சிருக்கிறான், டேட்டாபேஸ் படிக்கோணும் எதில தொடங்கிற மாமா எண்டு கேட்டான், போஸ்ட்கிரஸ் எண்ட இலவச டேட்டாபேஸ் சொஃப்ட்வெயர எடுத்து, அதப் படிக்கிற வழியள ரெண்டு பேருமா இருந்து ஒவ்வொண்டாப் பாத்தம், அதத்தான் எழுதுறன்.

முதல்ல யூடியூப். எல்லாரும் அங்கதான் போறது. எஸ்கியூஎல், அதாவது டேட்டாபேஸிட்ட கேள்வி கேக்கிற மொழி, விளங்கும், நல்லாவே விளங்கும், ஆனா நாங்க பாத்ததுகள்ல இன்ஸ்டோல் பண்ணுற பகுதி முழுக்க விண்டோஸ்லதான். லினக்ஸில முட்டுற இடம் வேற. ஏப்டில, அதாவது உபுண்டுல சொஃப்ட்வெயர் இறக்கிற கொமாண்டில, போட்டு முடிச்சு, போஸ்ட்கிரஸுக்குள்ள போற பிஎஸ்கியூஎல் கொமாண்ட அடிச்ச உடனேயே "மாமா, என்ர பேரில ரோல் இல்லையாம்" எண்டு வந்து நிண்டான். ரோல் எண்டா போஸ்ட்கிரஸுக்குள்ள இருக்கிற யூசர் பேர். விஷயம் என்னெண்டா, நீங்க லினக்ஸில லொகின் பண்ணின பேரையே போஸ்ட்கிரஸ் தனக்குள்ளயும் தேடும், இன்ஸ்டோல் பண்ணேக்க போஸ்ட்கிரஸ் எண்ட ஒரு பேர் மட்டும்தான் உள்ளுக்கு உண்டாகும், சுடோ (வேற யூசரா கொமாண்ட் ஓட்டுறது) போட்டு அந்த யூசரா மாறி கிரியேட்யூசர் கொமாண்டால உங்கட பேரச் சேத்தா அந்த எரர் போகும். இதுக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போச்சு.

பிறகு பாத்தா போஸ்ட்கிரஸ்ட சொந்த மேனுவல்ல, டுட்டோரியல் பகுதி முதல் அத்தியாயத்திலயே அதே எரர் அப்பிடியே இருக்கு, ஏன் வருது, யாரா மாறி சரிபண்ணுறது எண்டும் இருக்கு! மேனுவல் எண்டா பெரிய ஆக்களுக்கு எண்டு பயப்பிடாதீங்க. அதில வெதர் எண்டு ஒரு டேபிள், சான் பிரான்சிஸ்கோ, 1994 நவம்பர் 27, ஆகக் குறைஞ்ச வெப்பநிலை 46, ஆகக் கூடினது 50 எண்டு தொடங்கும். நாங்க அந்த ஊர எடுத்துட்டு ட்ரிங்கோ, கிண்ணியா, மூதூர் எண்டு போட்டம், ஊர்கள் இருக்கிற சிட்டீஸ் எண்ட மற்ற டேபிள்ல மட்டும் மூதூரச் சேக்கேல்ல. ரெண்டு டேபிளையும் ஜொயின் பண்ணினா, அதாவது ஊர்ப் பேர வச்சு இணைச்சா, மூதூர் காணாமப் போயிட்டுது, முதல் டேபிள்ல உள்ள ஒண்டையும் விடாத லெஃப்ட் அவுட்டர் ஜொயின் போட்டா திரும்பி வந்துது, பக்கத்துக் கொலம் வெறுமையா. அந்த இடத்தில அவன்ட முகத்தப் பாத்திருக்கோணும். இன்னொண்டு, ஏப்டில போஸ்ட்கிரஸ் டொக் பக்கேஜையும் போட்டா மேனுவல் முழுக்க லாப்டொப்பிலயே இருக்கும், இன்டர்நெட் டேட்டா முடிஞ்சாலும் படிக்கலாம், யூடியூப்புக்கு இது ஏலாது.

மைஎஸ்கியூஎல் எண்ட மற்ற டேட்டாபேஸிட மேனுவல்லயும் டுட்டோரியல் இருக்கு, வளப்புப் பிராணிகள்ட டேபிள், வாசிக்க அதுதான் இன்னும் லேசு. ஆனா டெக்ஸ்ட் ஃபைல்ல இருந்து டேட்டா ஏத்துற இடத்தில நிப்பீங்க, வெர்ஷன் 8ல லோக்கல் ஃபைல் ஏத்துறது டிஃபோல்டா ஓஃப்.

வெப்சைட்டெண்டா எஸ்கியூஎல்போல்ட் ரெண்டு நாளில முடியும், இன்ஸ்டோல் ஒண்டும் தேவையில்ல, ஆனா லினக்ஸ் பக்கம் ஒண்டும் பழகாது. பிஜி எக்சர்சைசஸ் வேற மாதிரி, ஒரு கிளப், அதில மெம்பர்மார், இடங்கள், புக்கிங் எண்டு மூண்டே மூண்டு டேபிள், கேள்வி போகப் போக இறுகும், கைக்குப் பயிற்சி வேணுமெண்டா இதவிட நான் ஒண்டையும் சொல்லமாட்டன்.

என்னக் கேட்டா மேனுவல் டுட்டோரியல் முதல், அதோட பிஜி எக்சர்சைசஸ், வீடியோ விளங்காத இடத்துக்கு மட்டும். சந்தேகம் வந்தா பிஎஸ்கியூஎல் உள்ளுக்கயே பேக்ஸ்லாஷ் எச் அடிச்சு கொமாண்ட்ட பேரப் போடுங்க, எழுதுற முறை வரும். மருமகன் இப்ப அந்தக் கிளப் டேட்டாவ தன்ர லாப்டொப்பிலயே இறக்கி வச்சு செய்யுறான், சப்குவெரில, அதாவது ஒரு கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி வாற இடத்தில, நிக்கிறான்.